நாற்பது டன், ஒரு பொத்தான்

முப்பத்தெட்டு மீட்டர் உயரத்தில்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
பதினோரு வருடம்
இரண்டு விரலால் பெட்டி தூக்கினேன்.
ஒவ்வொன்றும் நாற்பது டன்.
கிடினியா துறைமுகத்தில்
வடக்கிலிருந்து காற்று திரும்பினால்
என் கைக்குத்தான் முதலில் தெரியும்,
கொடிக்கெல்லாம் அப்புறம்.

விழுந்தது அங்கிருந்து இல்லை.
எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.
நான் மறுப்பதில்லை,
அதில் கொஞ்சம் கௌரவம் இருக்கிறது.
விழுந்தது என் வீட்டுக் குளியலறையில்,
பல்பு மாற்ற ஏறிய முக்காலியிலிருந்து.
கழுத்தில் ஆறாவது எலும்பு.
அதன்பின்
கை இருந்தது,
கைக்கு யாரும் இல்லை.

இரேனெயுஷ் அதிகம் பேசமாட்டான்.
பிடரியில் இரண்டு பசை வில்லை ஒட்டுவான்,
சில்லென்று இருக்கும்.
இடுப்பெலும்பின் மேல் இன்னும் இரண்டு,
அவன் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.
கத்தி இல்லை, ஊசி இல்லை.
முதல் நாள் மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொன்னான்:
"தண்டுவடம் முழுக்க அறுந்துபோகவில்லை.
சில இழைகள் இன்னும் முணுமுணுக்கின்றன.
கீழே இருப்பவைக்குக் காது மந்தம்.
இந்த மின்சாரம் உங்களுக்காகப் பேசாது,
காதைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான்.
பேச வேண்டியது நீங்கள்."

குமிழைத் திருகுகிறான்.
தோலுக்கடியில் சோடா நுரைக்கிறது.
அப்புறம் தேனீக்கள்.
அப்புறம் பக்கத்து வீட்டில்
யாரோ சுவரைத் துளைக்கிற மாதிரி.

மேஜையில் ஒரு பொத்தான்.
ஆண்கள் சட்டையில் இருப்பது, நாலு துளை,
யாரிடமிருந்து கழன்றதோ.
"எடுங்கள்."

கட்டைவிரலே, என்கிறேன்.
கட்டைவிரல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம்,
வியர்ப்பது நெற்றி மட்டும்.
எட்டு வாரம் அந்தப் பொத்தான்
இடம்விட்டு நகரவில்லை.
ஒரு மனிதரை வெறுப்பதுபோல அதை வெறுத்தேன்.
பெயர்கூட வைத்திருந்தேன்,
இங்கே எழுத முடியாது.

பக்கத்து மேஜை வின்சென்டி, கூரைத் தொழிலாளி,
எனக்கு முன்பே வந்தவர்.
அதே வில்லை, அதே குமிழ்,
என்னைவிட நல்ல பிடிவாதம்.
அவர் கையில் ஒன்றும் நடக்கவில்லை.
ஜனவரியில் வருவதை நிறுத்திக்கொண்டார்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்பதாவது வாரம், செவ்வாய்க்கிழமை.
வெளியே அழுக்குப் பனி.
யாரோ தும்மினார்கள்.
கட்டைவிரல் அசைந்தது.
அசைந்தது என்பதுகூடப் பெரிய சொல்,
தூங்குகிறவன் ஈயை விரட்டுவானே, அந்த அளவு.
இரேனெயுஷ் குமிழை அணைத்துவிட்டான்.
"இப்போது?"

இப்போதும்.
கரண்ட் போன வீட்டில்
ஒரு விளக்கு மட்டும் எரிகிற மாதிரி.
நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
பொத்தானை மறந்துவிட்டு.

நடக்கமாட்டேன். அது வேறு கணக்கு.
ஆனால் ஏப்ரலுக்குள் பொத்தான் கோப்பைக்குள் போனது,
பிறகு சாவி, பிறகு
மூக்கைச் சொறிவது என்ற மாபெரும் சுகம்.

மே மாதம் துறைமுகத்திலிருந்து கடிதம்.
கிரேன் உரிமத்தை ஒப்படைக்க வேண்டுமாம்,
கீழே கையொப்பம்.
அதுவரை எல்லாத் தாளிலும்
லெஷேக்தான் என் பெயரை எழுதினான்,
என்னைவிட அழகாக.
அன்றும் மூடியைக் கழற்றிவிட்டு
என்னைப் பார்க்காமல் குனிந்தான்.
கொடு என்றேன்.

பேனா எட்டு கிராம் இருக்கும்.
ஜன்னல் பக்கம் பார்த்தேன்,
காற்று எங்கிருந்து என்று. பழக்கம்.
விரலும் விரலும் மெல்ல நெருங்கி
தூக்கி, நகர்த்தி,
ஆடுவது நிற்கும்வரை காத்திருந்து,
கோட்டின்மேல் இறக்கினேன்.
போக்னா ரிஷ்கோவ்ஸ்கா.
ஏழு நிமிடம்.
கடைசி எழுத்து கோட்டைவிட்டுக் கடலில் விழுந்தது.

மேலே அச்சில் இருந்தது:
இனி இவர் பாரம் தூக்கத் தகுதியற்றவர்.

இரண்டு பிரதி கேட்டிருக்கிறார்கள் என்றான் லெஷேக்,
குரல் சரியில்லை.
அடுத்ததையும் வை என்றேன்.